சர்க்கார் அனுமதித்த ஒரே புள்ளி

பொருள்கள் தூரம் செல்லச் செல்லச் சிறுத்துத் தோன்றும் என்னும் இயற்கை விதியை, ஓமலூருக்கு மேற்கே நான்கு மைலில் இரண்டரை ஏக்கர் நிலம் வைத்திருந்த பச்சமுத்து, தமது நாற்பத்தேழாம் வயது வரையில் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. தூரத்தில் வரும் மாடு சிறியதாகத் தோன்றினால், அது கிட்டே வரட்டும் என்று காத்திருப்பார். வந்து சேர்ந்ததும் அது முழு மாடாகவே இருக்கும். இந்த ஏற்பாட்டில் அவருக்கும் மாட்டுக்கும் எவ்விதக் கருத்து வேற்றுமையும் ஏற்பட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் சர்க்கார் குறுக்கிட்டது.

குறுக்கீட்டின் காரணத்தை முதலில் அறிதல் நன்று. கவலை என்பது கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் முறை. மாடுகள் கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவில் இறங்கும், வடக்கயிறு இழுபடும், தோல்சால் நீரோடு மேலே வரும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் பாரத்தையும் சேர்ப்பார். பிறகு மாடுகள் பின்னுக்கே நடந்து மேட்டுக்கு ஏறும். மிக உயர்ந்த உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டாரில் சுற்றுப்பிரயாணம் வந்தபோது, அவருடைய தொப்பி காற்றில் பறந்து சாலையோரத்துக் கவலைச் சரிவு ஒன்றில் விழுந்தது. இறங்கி வந்த மாடு அதை மிதித்துவிட்டது. அது தொப்பி என்பது மாட்டுக்குத் தெரியாது. ஆயினும் மூன்று மாதத்துக்குள் ஓமலூரில் ‘சாலையோரக் கிணறுகள் மேற்பார்வைக் காரியாலயம்’ என்று ஒன்று ஏற்பட்டு, அதற்கு ஓர் அதிகாரியும், ஒரு படவரைவாளரும், ஒரு டவாலிச் சேவகனும், ஒரு நாற்காலியும் அமைந்தன.

காரியாலயத்தின் முதல் உத்தரவு தமுக்கடித்து அறிவிக்கப்பட்டது. சாலையோடு சேர்கின்ற கவலைச் சரிவுகள் யாவும் மண்ணிட்டு மூடப்படும். தம்முடைய சரிவு சாலையோடு சேரவில்லை என்று சொல்லும் குடியானவர், அதைத் தம் கையாலேயே வரைந்த தூரக்காட்சிச் சித்திரம் ஒன்றினால் மெய்ப்பிக்க வேண்டும்.

பச்சமுத்துவின் கிணற்றுக்கு மூன்று பக்கமும் பாறை. நான்காம் பக்கத்தில் மட்டுமே மாடு இறங்க இடம். அந்தச் சரிவு சாலைக்கு இணையாக ஓடியது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி தரிசு கிடந்தது. சரிவை மூடினால் கிணறு இருந்தும் இல்லாததே. கிணற்றுப் பாசனக் காட்டிலோ மஞ்சள் நின்றது, மாசியில்தான் வெட்டு. அதுவரையில் தண்ணீர் நின்றுபோனால், ஒரு வருடத்துப் பாடு சருகாகிவிடும்.

“பன்னண்டடி இருக்குதுங்கறதுக்குப் படம் எதுக்குங்க?” என்று கேட்டாள் மனைவி பெருமாயி. “ஒரு கயித்தக் கொண்டுபோயிப் புடிச்சுக் காட்டுனா ஆவாதா?”

“அதத்தான் போயிக் கேட்டுப்போட்டு வாரேன் புள்ள.”

பன்னிரண்டு அடிக் கயிற்றோடு பச்சமுத்து காரியாலயத்துக்குப் போனார். மேற்பார்வை அதிகாரி தணிகாசலம் அந்த ஒரே நாற்காலியில் வீற்றிருந்தார். அவர் கயிற்றைப் பார்க்க விரும்பவில்லை.

“கயிறு மழையில் சுருங்கும், வெயிலில் நீளும். அதற்கு நிலையான கொள்கை கிடையாது. ‘நேரில் வந்து பாருங்கள்’ என்று அடுத்தபடி சொல்லுவாய். நான் நேரில் பார்த்தால் அது என்னுடைய சொந்த அபிப்பிராயம். சர்க்காருக்குச் சொந்த அபிப்பிராயம் ஆகாது. இந்த உத்தியோகத்தை ஏற்ற நாள் முதலாக நான் ஒரு கிணற்றைக்கூடக் கண்ணால் பார்த்தவனல்லன். என் மனத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன்.”

“அப்படீன்னா, கோயில்ல படம் எளுதற ஆளு யாரையாச்சும் வெச்சு எளுதிக் கொண்டாரட்டுங்களா எசமான்?”

“கூடாது. குடியானவன் வாயால் பொய் சொல்லுவான். கையால் சொல்ல மாட்டான். ஏனென்றால் கைக்கு நாம் இதுவரை எழுத்துப் பயிற்சி கொடுக்கவில்லை. அந்த அறியாமையை இப்போதாவது பயன்படுத்திக்கொள்ள வேண்டாமா?”

சேவகன் சென்றாயன் கயிற்றை வாங்கி, அதில் ஒரு சீட்டைக் கட்டி, தஸ்தாவேஜு என்று அலமாரியில் வைத்துப் பூட்டினான். பச்சமுத்து கயிறில்லாமல் ஊருக்குத் திரும்பினார்.

முதற்படம் நான்கு நாளில் உருவாயிற்று. மேலிருந்து பார்த்தாற்போல் கிணறு வட்டமாக இருந்தது. மாடுகள் இரண்டும் பக்கவாட்டில், கால்கள் எட்டும் கணக்குக்குக் குறையாமல் நின்றன. சாலை இரண்டு நேர்கோடுகள். சரிவு இரண்டு நேர்கோடுகள். நடுவே, சந்தேகத்துக்கு இடமில்லாதபடி, பன்னிரண்டு காலடித் தடங்கள். கஞ்சிக் கலயத்தோடு பெருமாயியும் நின்றாள். கிணற்றடிக்கு நீரும் உச்சிவேளைக்குக் கஞ்சியும் போல் அவசியமானவள் ஆகையால், அவள் மாட்டைவிட ஒரு முழம் உயரமாக இருந்தாள்.

படவரைவாளர் மருதாசலம் சென்னையில் மூன்று வருடம் சித்திரம் பயின்று தேறியவர். படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு தோன்றப் பார்த்தது. காரியாலயம் என்பது நினைவுக்கு வந்து அது திரும்பிப் போய்விட்டது.

“நீர் அறிந்ததை வரைந்திருக்கிறீர்” என்றார். “நீர் அறிந்ததைச் சர்க்கார் கேட்கவில்லை. நீர் ஓரிடத்தில் அசையாமல் நின்று, ஒரு கண்ணால் பார்ப்பதைத்தான் கேட்கிறது.”

“ரெண்டு கண்ணு இருக்குதுங்களே?”

“விதியில் ஒன்றுதான் இருக்கிறது.”

இவ்வாறாகப் பச்சமுத்து, தம்மைப் போலவே அறிந்ததை வரைந்து குற்றப்பட்ட மற்றப் பதினான்கு குடியானவர்களோடு, காரியாலயத்தின் பின்கட்டில் நடந்த ஆறு நாள் வகுப்பில் சேர்க்கப்பட்டார். ‘தூரக்காட்சிச் சித்திர போதினி’ என்னும் நூல் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. பார்ப்பவன் கண்ணுக்கு நேரே கிடையாக ஓடும் கோடு கண்மட்டக் கோடு என்றும், தூரம் செல்லும் கோடுகள் யாவும் அதன்மேல் கூடுமிடம் மறையும் புள்ளி என்றும் அந்நூல் கூறிற்று. மாணாக்கன் நாற்காலியில் அமர்ந்து, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் கண்ணை நிறுத்த வேண்டும் என்றும் கூறிற்று.

காரியாலயத்தில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அதிகாரி இருந்தார். தரையில் உட்கார்ந்தால் கண் நான்கடிக்குக் கீழே போய்விடுகிறது. நின்றால் மேலே போய்விடுகிறது. இந்தச் சிக்கலை அதிகாரி தணிகாசலமே தீர்த்துவைத்தார். பதினைந்து குடியானவர்களும் புங்கமரத்தடியில் வரிசையாக நின்று, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சென்றாயன் நான்கடிக் கோலோடு ஒவ்வொருவர் கண்ணாக அளந்துகொண்டே போனான்.

“பச்சமுத்தண்ணா, ரெண்டு வெரக்கடை ஏறிப்போச்சு. எறங்குங்க.”

“எறங்குனா உளுந்துருவனப்பா.”

“உளுந்தா கண்மட்டங் கெட்டுப்போகும். அண்ணா, நாஞ் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க, நம்ம ஊருல எருமை நல்லா உக்காருது.”

அதிகாரி நாற்காலியிலிருந்தபடியே சொற்பொழிவாற்றினார். “குடியானவன் இதுநாள்வரை தன் இஷ்டப்படி நின்றும் குந்தியும் படுத்தும் உலகத்தைப் பார்த்து வந்திருக்கிறான். அதனால்தான் தேசத்தில் இத்தனை வியாஜ்ஜியங்கள். எல்லாரும் நான்கடியிலிருந்து பார்த்தால் எல்லாருக்கும் ஒரே உலகம். அந்த உலகத்தை நிர்வகிப்பது சுலபம்.”

ஆறாம் நாள் மாலையில் பதினைந்து பேருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவராலும் அன்று எழுந்து நடக்க முடியவில்லை.

ஆயினும் கல்வி வேறு வழியாக வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் பச்சமுத்து கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். மேட்டில் நின்று, போதினி சொன்னபடி ஒரு சோளத்தட்டையைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்தார். சாலையோரப் பனைகள் எல்லாவற்றையும் தட்டை ஒரே உயரத்தில் வெட்டிக்கொண்டு போயிற்று. கிட்டத்துப் பனையில் எந்த உயரமோ, எட்டத்துப் பனையிலும் அதே உயரம். பிறகு வடத்தில் உட்கார்ந்து சரிவில் இறங்கினார். தட்டையை விடவில்லை. கோடும் கூடவே இறங்கியது. சரிவின் அடிக்கு வந்தபோது அது பனைகளின் தூரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாடுகள் பின்னேற, அவரும் ஏறினார்; கோடு அவரோடு ஏறிற்று. உலகத்தின் விளிம்பு தம் கண்ணோடு இறங்கித் தம் கண்ணோடு ஏறுகிறது! நாற்பத்தேழு வருடமாக அது அப்படித்தான் கூடவே வந்துகொண்டிருந்தது. அவர்தான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று காலையில் அவர் வழக்கத்தைவிட இருபது சால் அதிகமாக இறைத்தார். தண்ணீர் வரப்பை மீறிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

கஞ்சி கொண்டுவந்த பெருமாயியைத் தொலைவிலிருந்தே கட்டைவிரலால் அளந்தார்.

“ஏனுங்க, என்னத்துக்கு ஒரு கண்ண மூடிக்கிட்டு வெரலக் காட்டறீங்க?”

“அங்க நிக்கறப்ப நீ என் கட்டவெரலு உசரந்தான் புள்ள!”

“அப்படிங்களா? அப்ப கஞ்சியும் அந்த அளவுக்கே கொண்டாந்தாப் போதுமில்ல?”

அன்று பிற்பகலில் அவர் அதிலும் பெரியதொன்றைக் கண்டார். மேட்டில் நின்று, சாலையின் இரண்டு ஓரங்களையும் இரண்டு தட்டைகளால் ஒட்டிப் பிடித்தார். அவை கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியில் கூடின. போதினி சொன்னது சரியே. பிறகு கவலைச் சரிவின் ஓரங்களை அப்படியே பிடித்தார். அவை அந்தப் புள்ளிக்குப் போகவில்லை. அதற்கு நேர் கீழே, பூமிக்குள் புதைந்தாற்போன்ற ஓரிடத்தில் போய்க் கூடின. மறுபடியும் பிடித்தார், கண்ணை மாற்றிப் பிடித்தார், மறுபடியும் அங்கேதான். மட்டமாகப் போவது கண்மட்டத்துக்குப் போகிறது, இறங்கிப் போவது அதற்குக் கீழே போகிறது. ஆகவே சாலையும் சரிவும் காகிதத்திலும் சேரப்போவதில்லை, கடைசி வரையில். இந்தச் செய்தி போதினியின் அறுபத்து நான்கு பக்கங்களில் எங்கும் இல்லை.

அவர் இரண்டு புள்ளிகளோடு படம் வரைந்தார். பத்து நாளாயிற்று. சாலை தூரத்துக்குப் போயிற்று; சரிவு பள்ளத்தில் இறங்கிற்று; மாட்டின் பின்புறம் பார்த்தவர் கையால் தட்டலாம் போல் இருந்தது. பெருமாயி நெடுநேரம் பார்த்தாள். “கிட்டப்போனா நெசமா உள்ள உளுந்துருவம் போலிருக்குது” என்றாள். பச்சமுத்து தம் வாழ்நாளில் பெற்ற புகழுரைகளுள் அதுவே முதலாவது.

மருதாசலமும் அதை நெடுநேரம் பார்த்தார். காரியாலயத் தமிழ் அவரை விட்டுப் போயிற்று.

“இத ஆருங்க உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?”

“வடத்துமேல உக்காந்து எறங்குனனுங்க. அங்கதான் தெரியுது.”

மருதாசலம் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மெட்ராசுல மேல்வகுப்புலதான் இதச் சொல்லுவாங்க. ஆனாப் பாருங்க, நம்ம காரியாலயத்துக்குச் சாங்சன் ஆனது கீழ்வகுப்புப் புஸ்தகம். அதுல ஒரு புள்ளிதான். ரெண்டாவது புள்ளி வெக்கோணும்னா மேலிடத்துலருந்து உத்தரவு வரோணும். வாரதுக்கு ரெண்டு வருசமாகும்.”

“ரெண்டு வருசம் மஞ்ச நிக்காதுங்களே.”

“அப்ப ஒண்ணாக்கிக் குடுத்துருங்க. நான் சொல்றது உங்க நல்லதுக்குத்தான். விதிப்படி இருந்தாப் போதும். உள்ள ஆரும் பாக்கமாட்டாங்க.”

பச்சமுத்து காரியாலயத்து வராந்தாவிலேயே உட்கார்ந்து, கீழ்ப்புள்ளியை ரப்பரால் அழித்தார். சரிவின் கோடுகளைத் தூக்கி மேற்புள்ளியில் சேர்த்தார். சரிவு மட்டமாகிவிட்டது, மாடுகள் இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் ஆகாயத்தில் நின்றன. அப்படியே அடியில் கையெழுத்துப் போட்டார். இதுவே அவர் வாழ்நாளில் எழுத்து மூலமாகச் சொன்ன முதற்பொய்.

மார்கழி பதினெட்டாந்தேதி விசாரணை நடந்தது. அதிகாரி படத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார்.

“சாலை இங்கே எவ்வளவு அகலம்?”

“இருவத்தி நாலடிங்க.”

“இந்தக் கோடியில்?”

“அதும் இருவத்தி நாலடிதானுங்க. ஆனாப் படத்துல...”

“படத்தில் கடுகளவு இருக்கிறது. சர்க்கார் சாலையில் இருபத்து நாலடி அங்கே என்னவாயிற்று என்பதைப் பற்றி நான் இப்போது கேட்கவில்லை. அதற்குத் தனி விசாரணை உண்டு. இந்தப் புள்ளியைப் பார். இதில் சாலை வந்து சேருகிறது. உன் கவலைச் சரிவும் வந்து சேருகிறது. சேருகிறதா, இல்லையா?”

“சேர்ற மாதிரித் தெரியுதுங்க...”

“யார் வரைந்தது?”

“நாந்தானுங்க.”

“இந்தக் காரியாலயம் எத்தனை கருணையுள்ளது என்பதைக் கவனியுங்கள்” என்று அதிகாரி கூடியிருந்த குடியானவர்களை நோக்கிக் கூறினார். “ஒருவன் மேல் குற்றம் சாட்டுவது எங்கள் வழக்கமில்லை. அவன் தன் குற்றத்தைத் தானே கண்டு தெளிவதற்கு வேண்டிய கல்வியை இலவசமாக அளிக்கிறோம். ஆறு நாள் பயிற்சிக்கு முன்பு இவனுக்குத் தன் சரிவு சாலையோடு சேருவது தெரியாது. இப்போது தன் கையாலேயே வரைந்து கொடுத்துவிட்டான். சரிவு மூடப்படும்.”

மருதாசலம் தம் எழுதுகோலைச் சீவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பச்சமுத்துவுக்கு அப்போது மஞ்சள்தான் நினைவுக்கு வந்தது. அதன் பின்னே அழித்த புள்ளியும் வந்தது. பேசக் கூடாத இடத்தில் அவர் பேசினார்.

“எசமான், அந்தப் புள்ளிய எனக்குக் காட்டுங்க. சாலையும் சரிவும் சேர்ற எடம் இதான்னு காலால மிதிச்சுக் காட்டீட்டீங்கன்னா, நானே மண்ணள்ளிப் போட்டு மூடிக்கிறேன். கூலி வேண்டாமுங்க.”

கூடியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. சென்றாயன் மட்டும் இருமினான். சவாலை ஏற்காமல் விடுவது காரியாலயத்தின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று அதிகாரி கருதினார். புள்ளியைப் பார்ப்பது கிணற்றைப் பார்ப்பது ஆகாது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்துக்கொண்டார்.

மறுநாள் பரிவாரம் புறப்பட்டது. குதிரைவண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி, கிணற்றுப் பக்கமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்து, தம் மனத்தின் சுத்தத்தைக் காத்துக்கொண்டார். படத்தைச் சாலைக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சாலை ஒரு புளியமரத்தடியில் கூடியது.

“அதோ!” என்றார். “எல்லைக்கல்லைக் கொண்டுபோய் அங்கே நடு.”

சென்றாயன் எல்லைக்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தான். பின்னால் அதிகாரி, மருதாசலம், பச்சமுத்து, மற்றப் பதினான்கு பேர். புளியமரத்தடியில் சாலை இருபத்து நாலடிக்கு ஒரு விரற்கடையும் குறையாமல் கிடந்தது. அதற்கப்பால், மைல்கல் ஒன்றின் அருகில் கூடியது. அங்கே போனார்கள். மைல்கல்லருகில் சாலை வஞ்சனையில்லாமல் அகன்று, மேலும் தூரத்தில் ஒரு களத்துமேட்டில் கூடியது.

“சுருக்கா நடங்க எசமான்” என்றார் கூட்டத்தில் ஒருவர். “நம்மளப் பாத்துட்டு ஓடுதாட்டமிருக்குது.”

உச்சிவேளைக்குள் மூன்று மைல் ஆயிற்று. சென்றாயன் கல்லை இறக்கிவைத்து, தலையைத் தடவிக்கொண்டு, “ஏனுங்க, புள்ளியக் கல்லு இருக்கற எடத்துக்கு வரச்சொல்லி ஒரு நோட்டீசு போட்டா ஆவாதுங்களா?” என்று மனமுருகிக் கேட்டான்.

அதிகாரியின் சப்பாத்து அவ்விடத்தில் அவர் குதிகாலைக் கடித்துவிட்டது. அவர் நின்றார். “இதுதான்” என்றார். சாலையின் நட்டநடுவில் கல் நடப்பட்டது. புள்ளி பிடிபட்டது என்று எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

பச்சமுத்து அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றார். “எசமான், இங்க நின்னு பாருங்க. சாலை இன்னும் அக்கட்ட போயித்தான் சேருது. கண்ணு போற எடத்துக்கெல்லாம் அதும் போகும். அது மண்ணுல இல்லீங்க, பாக்கறவங் கண்ணுல இருக்குது. என்ற சரிவுக்கு வேற புள்ளி. அது இதுக்குக் கீழ இருக்குது. நான் மொதல்ல ரெண்டுதான் வெச்சேன். அழிச்சுக் குடுத்தது என்ற தப்பு. இனி அழிக்கமாட்டேன்.”

“இரண்டாவது புள்ளியா?” அதிகாரியின் குரல் தணிந்தது; அதுதான் அவர் கோபத்தின் உச்சம். “மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு புள்ளி வைத்திருந்தாயா?”

உத்தரவு அன்று மாலையே எழுதப்பட்டது. சர்க்கார் புள்ளியை இடம் பெயரச் செய்தமைக்காகவும், அனுமதியற்ற புள்ளியொன்றை மறைத்தமைக்காகவும், பச்சமுத்துவின் கவலைச் சரிவு ஏழு நாளைக்குள் மூடப்படும். மாடு நடமாடும் வேளையில் மண் கொட்டலாகாது; அது ஜீவகாருண்யத்துக்கு விரோதம். ஏழு நாள் கழிந்தால் இந்த உத்தரவு செல்லாது. புதிய சித்திரம் ஒன்றில் சரிவு சாலையோடு சேருவது மறுபடி காணப்பட்டால்தான் புதிய உத்தரவு போடலாம். கடைசி மூன்று விதிகளையும் மருதாசலம் உரத்த குரலில், நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம் படித்தார். அத்தனை நிறுத்திப் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே சென்றாயனும் நான்கு கூலியாட்களும் மண்கூடைகளோடு வந்து சரிவின் ஓரத்தில் நின்றார்கள். சரிவில் மாடுகள் இருந்தன.

“எப்பண்ணா மாட்ட அவுப்பீங்க?”

“பயிரு நனஞ்சதும் அவுக்கறதுதான் சென்றாயா. சித்த உக்காரு.”

பச்சமுத்துவின் மாடுகள் களைத்தபோது, வகுப்புத் தோழர்களில் ஒருவர் தம் மாடுகளைக் கொண்டுவந்து பூட்டினார். அவை களைத்ததும் அடுத்தவர் வந்தார்; இரவிலும் அப்படியே. பச்சமுத்துவின் சரிவு போனால் அடுத்த வாரம் தங்கள் சரிவு என்பதைப் பதினான்கு பேரும் படம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். ஒருவர் மாட்டை அவிழ்க்கும் முன்பே அடுத்தவர் மாடு மேட்டில் ஏறி நிற்கும். ஊரில் கிணற்று முறைக்காக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வாரத்தில் முறை ஒரு நாழிகையும் தவறவில்லை. மஞ்சளுக்குப் போதுமான தண்ணீர் மூன்றே நாளில் பாய்ந்துவிட்டது. பிறகு பாறைக்குழிக்குப் பாய்ந்தது. வேலியோரத்து எருக்கஞ்செடிக்கும் பாய்ந்தது. கூலியாட்கள் மண்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். பெருமாயி அவர்களுக்கும் சேர்த்தே களி கிண்டினாள்.

“மூட வந்தவீகளுக்குச் சோறு போடறது நம்ம ஊட்டுலதாம் பாத்திருக்கிறேன்” என்றாள்.

“மூடறவரைக்கும் விருந்தாளிங்கதானுங்க அக்கா” என்றான் சென்றாயன், இரண்டாம் உருண்டையை வாங்கிக்கொண்டு.

ஏழாம் நாள் பிற்பகலில் அதிகாரி தணிகாசலம் தாமே வந்தார். குடை சாய்ந்தே இருந்தது. அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. முகத்தில், அதுவரை ஒருவரும் கண்டிராத ஒரு சாந்தம்.

“பச்சமுத்து, உனக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கண்பார்வைக் கோளாறு உள்ளவர்களின் சரிவுகளுக்கு நிரந்தர விலக்கு அளிக்க எனக்கு அதிகாரம் உண்டு. இரண்டாவது புள்ளி என்று நீ கண்டது கண் கோளாறு என்று இதில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடு. உன் கிணற்றை உன் காலம் உள்ளவரை ஒருவரும் தொட மாட்டார்கள். மேலிடத்துக்கும் நான் கணக்குச் சொல்லிவிடலாம்.”

மாடுகள் மேட்டில் நின்றன. பச்சமுத்து காகிதத்தைப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படித்ததால் நேரமாயிற்று. நிரந்தரம் என்பது பெரிய வார்த்தை. அவர் பெருமாயியைப் பார்த்தார்.

“கண்ணுல கோளாறுன்னு போட்டுக் குடுத்துட்டா, நாளைக்கு நீங்க எதப் பாத்தேன்னு சொன்னாலும் செல்லாதுங்க” என்றாள் அவள். “உங்க இஷ்டம். நாம் போயி மடையப் பாக்கறேன்.” மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள்.

“எசமான்” என்றார் பச்சமுத்து, “ஒருதரம் பொய்யாக் கோடு போட்டுக் குடுத்தேன். அதுல மாடு அந்தரத்துல நின்னுது. இதுல போட்டா நானே நிப்பேன். என்ற கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது.” காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வடத்தில் உட்கார்ந்தார். மாடுகள் இறங்கின.

அதிகாரி அங்கேயே நின்றார். பொழுது இறங்கினால் உத்தரவின் கெடு முடிந்துவிடும்; அதற்கு இன்னும் மூன்று நாழிகை இருந்தது. மாடு அவிழுமா என்று பார்ப்பதற்காக அவர் காத்திருந்தார் போலும். அவிழவில்லை. வெயிலில் நின்றவருக்கு நா வறண்டது. ஏழு நாளாக அவ்விடத்தில் பஞ்சமில்லாமல் இருந்த ஒரே பொருள் தண்ணீர். அவர் குடையைக் கீழே வைத்து, கிணற்று மேட்டில் ஏறி, தொட்டியருகில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். முகத்தையும் கழுவினார். துடைக்கத் துணி தேடியவாறு நிமிர்ந்தவர், நிமிர்ந்தபடியே நின்றுவிட்டார்.

அவருக்கு முன்னால் கவலைச் சரிவு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று நெருங்கி, நெருங்கி, சாலை போகும் இடத்துக்குப் போகாமல், அதற்கு வெகு கீழே, ஓரிடத்தை நாடிச் சென்றன. அவர் ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றதை மூடினார். பிறகு, விதிக்கு மாறாக, இரண்டையும் திறந்தார்.

பச்சமுத்து மாடுகளோடு மேலே வந்து சேர்ந்தார்.

“இதை வேறு யாருக்காவது சொன்னாயா?” என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

“ஏழு நாளா மாடு கொண்டாந்தவீகள எல்லாம் இந்த வடத்துல உக்கார வெச்சு எறக்கிக் காட்டியாச்சுங்க. பதினாலு பேருக்கும் தெரியுது. நாளைக்கு எல்லாரு படமும் உங்க காரியாலயத்துக்கு வருது. ரெண்டு ரெண்டு புள்ளியோட.”

அதிகாரி கீழே வைத்த குடையை எடுத்து மடக்கிக்கொண்டார். பொழுது மேற்கே இறங்கிவிட்டிருந்தது. சென்றாயனும் கூலியாட்களும் வெறுங்கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

காட்டின் கோடியிலிருந்து பெருமாயியின் குரல் வந்தது.

“ஏனுங்க! கடைசிப் பாத்தியும் நெறஞ்சுபோச்சு. மாட்ட அவுத்து உடுங்க, பாவம்!”